அடுத்த வீட்டில் அழும் குழந்தை

காஜாக்காரியின் குழந்தை தொட்டிலில் கிடந்து அழுதால், சத்தம் கீழ்வீட்டுக் கம்பவுண்டரம்மாவின் அடுப்படியில் கேட்டது. சில நாள் மேல்மாடி டீச்சரின் குளியலறையில் கேட்டது. வேறு சில நாள், கட்டட வாசலை ஒட்டிய கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் மெக்கானிக், நட்டு போல்ட்டு போட்டு வைத்திருந்த தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்டது. பெற்றவளின் காதில் மட்டும் ஒரு நாளும் விழவில்லை. குழந்தை வாயைத் திறக்கும், முகம் சிவக்கும், நாக்கு நடுங்கும், கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கும். தொட்டிலின் திருகாணி முனகுவதுகூடத் துல்லியமாகக் கேட்ட அந்த வீட்டில் அழுகை மட்டும் கேட்காது.

சட்டைகளுக்குக் காஜா எடுப்பது அவளுக்கு வேலை. தையல் கடையிலிருந்து பொத்தான் வைக்காத சட்டைகளை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்து, பொத்தான் நுழையும் துளைகளை வெட்டி, ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைத்துக் கொடுப்பாள். "ஊர்ச் சட்டைக்கெல்லாம் ஓட்டை போட்டுத்தான் என் பொழப்பு ஓடுது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்த்தார். விடிவதற்கு முன் கிளம்பிப் போய், மதியம் மாவு படிந்த புருவத்தோடு வந்து படுத்துவிடுவார். பிள்ளை பிறந்து சில வாரம்வரை அவர் அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தார். "பிள்ளை பொறந்தா தூக்கம் போச்சுன்னு கடைல அத்தன பேரும் மூக்கால அழுவுறானுங்க. நம்ம பிள்ளை பாரு, எவ்ளோ அமைதி." அவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. "அமைதின்னா வாய மூடிட்டு இருக்கணுங்க. இது வாயத் தொறந்துகிட்டு அமைதியா இருக்கு." பிரசவ அறையில் நர்ஸ், பிள்ளை நன்றாகக் கத்தியது என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தக் கத்தல் மேல்தளத்து வார்டில் கேட்டது என்பதும், அங்கே இன்னும் வலியே எடுக்காத ஒருத்தி திடுக்கிட்டுத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள் என்பதும் பின்னால்தான் தெரியவந்தன.

உண்மை கரண்டியும் கையுமாக மாடிப்படி ஏறி வந்தது. கம்பவுண்டரம்மா மூச்சு வாங்க வாசலில் நின்றாள். "ஏம்மா, எங்க அடுப்படில ஒரு பிள்ள அழுவுது. மிக்ஸிக்குப் பின்னாடி பாத்துட்டேன், சிலிண்டருக்குப் பின்னாடி பாத்துட்டேன். என் பசங்களுக்கே மீசை மொளைச்சிடுச்சு, இனிமே எங்கிட்ட ஏது பிள்ள? உன்னோடதான்னு பாரு." அந்த நேரம் காஜாக்காரியின் மடியில் குழந்தை சத்தமில்லாமல் கதறிக்கொண்டிருந்தது. அவள் பால் கொடுத்தாள். கீழே அடுப்படியில் நின்ற கம்பவுண்டர், "நின்னுடுச்சு!" என்று கத்தினார். பாலை விலக்கினாள். "ஆரம்பிச்சிடுச்சு!" என்றார். மறுபடி கொடுத்தாள். "நின்னுடுச்சு! ஏம்மா, பிள்ளைய வச்சு வெளையாடாதீங்க, காது வலிக்குது!" அவள் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தடதடவென்று கீழே ஓடினாள். அவள் கால் அடுப்படியில் பட்டதும் அழுகை டீச்சரின் குளியலறைக்குப் போய்விட்டது. டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். மெக்கானிக்கின் டப்பாவுக்குப் போனது. டப்பாவைத் தேடி ஓடினாள். திரும்பவும் அடுப்படிக்கே வந்து சேர்ந்தது. அன்று முழுக்க அவள் படியேறி இறங்கி ஓய்ந்தபோது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு விஷயம் விளங்கியிருந்தது. குழந்தையின் குரல், தாயின் காது எட்டாத இடமாகப் பார்த்து ஒலிக்கிறது. அவ்வளவுதான்.

டாக்டரிடம் காட்டினார்கள். அவர் விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காதையும் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சத்தம் வருதா?" என்று கேட்டார். "வருதுங்க. ஆனா வேற எடத்துல வருது." "எந்த எடத்துல வருதுங்கறது என் படிப்புல இல்லம்மா. வருதா இல்லையாங்கறதுதான் எனக்குக் கணக்கு. வருதுல்ல? அப்பச் சரி" என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் தனக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்து பார்த்தார். டப்பாவுக்குள் அழுகை கேட்டபோது அதைத் தன் போனில் பதிவு செய்துகொண்டு மேலே வந்து, காஜாக்காரியின் முன்னால் பெரிய மனுஷத்தனமாகப் பொத்தானை அழுத்தினார். போனில் கோடுகள் எழும்பி எழும்பி அடங்கின, சத்தம் இல்லை. மேல்மாடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்து, "யாருங்க அது? பிள்ள இப்பத்தான் தூங்குதுன்னு சொன்னீங்க, என் சோப்பு டப்பால மறுபடியும் அழுவுது!" என்றாள். மெக்கானிக் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "செட்டு பழசு தங்கச்சி, அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடமே சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்த்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எல்லா வீடுகள் வழியாகவும் ஒரே தண்ணீர்க் குழாய் ஏறிப் போனது. அழுகை எந்த வீட்டில் கேட்டதோ அந்த வீட்டில் இருப்பவர் கரண்டியாலோ ஸ்பேனராலோ குழாயைத் தட்டினார். அவசரமாகத் தட்டினால் பசி, விட்டுவிட்டுத் தட்டினால் வயிற்றுவலி, சோம்பலாகத் தட்டினால் தூக்கம். ஆனால் எது என்ன அழுகை என்பதில் தினமும் சண்டை வந்தது. கம்பவுண்டரம்மா பசி என்பாள். பிள்ளையே பெறாத டீச்சர், "மூக்கால இழுக்குது பாருங்க, இது தூக்கம்" என்பாள். "நாலு பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" "நாலு பெத்தீங்க, நாப்பது பிள்ளைங்க அழுவுறதக் கேட்டிருக்கீங்களா? நான் தினம் கேக்கறேன்." பெரும்பாலும் டீச்சர் சொன்னதே சரியாக இருந்தது. காஜாக்காரி நடுப்படியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. கம்பவுண்டரம்மா தங்கை வீட்டுக்குப் போய்த் தங்குவதை விட்டாள். மெக்கானிக் வெளியூர் வேலைகளைத் தட்டிக் கழித்தார். டீச்சருக்கு அந்த வருடங்களில் அடிக்கடி தலைவலி வந்து விடுப்புச் சொன்னாள். இதற்கெல்லாம் கைம்மாறு செய்யத் தெரியாத காஜாக்காரி, கேட்டவர் கேட்காதவர் சட்டைக்கெல்லாம் காஜா எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்துச் சட்டைகளில் பொத்தான்களைவிடத் துளைகள் அதிகம் இருந்தன. மெக்கானிக்கின் சட்டையில் முதுகுப் பக்கம்கூட ஒன்று இருந்தது. காற்றுக்கு நல்லது என்று அவரும் போட்டுக்கொண்டார்.

கணவருக்கும் அந்த வீட்டில் இருக்கும்வரை குழந்தையின் குரல் கேட்கவில்லை. ஆனால் அவர் வெளியே போகலாம். மதியத் தூக்கம் முடிந்ததும் கம்பவுண்டர் வீட்டில் டீ குடிக்கிற பழக்கம் அவருக்குப் புதிதாக வந்தது. போனால் சீக்கிரம் வர மாட்டார். வரும்போது கண் கலங்கியிருக்கும். ஒரு நாள் அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எப்படி இருக்கு?"

"எது?"

"நீங்க போய்க் கேட்டுட்டு வர்றது."

அவர் சுவரைப் பார்த்தார். "கொஞ்சம் கரகரன்னு. எங்க அக்கா சின்ன வயசுல பேசற மாதிரி."

அவளுக்கு அந்த நாத்தனாரின் குரல் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் அடுத்த தடவை நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவரைப் போக விடாமல் பிடித்து வைத்துப் பொழுதெல்லாம் பேசச் சொல்லிக் கேட்டாள். நாத்தனார் தலைகால் புரியாமல் ஊர் முழுக்கப் போய், "எந்தம்பி பொண்டாட்டி திருந்திட்டா" என்று சொன்னார்.

பேச்சு வந்த நாளில் குரல் டப்பாவுக்குள் இருந்தது. மெக்கானிக் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னண்ணே, பசியா?" என்றாள் அவள். "இல்ல தங்கச்சி." "வயித்து வலியா?" "அதெல்லாம் இல்ல. பிள்ள பேசிடுச்சு. ஒரு வார்த்த." "என்ன வார்த்த?" அவர் காது சிவந்தது. "அத நான் எப்படிச் சொல்றது, உன்ன நேராப் பாத்துகிட்டு? நான் கல்யாணமே ஆகாத மனுஷன், உன்னவிட வயசுல மூத்தவன்…" அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்லச் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரில் அறைந்திருந்த ஆணி ஒன்றைப் பார்த்து, புகையிலை போட்டுக் கெட்டுப்போன குரலில், "அம்மா" என்றார். காஜாக்காரி குழந்தையை அணைத்துக்கொண்டு, "என்னடா கண்ணு" என்றாள். மெக்கானிக் படியிறங்கும்போது இரண்டு படி தவறவிட்டார்.

பிறகு வருடங்கள் தூது போவதிலேயே கழிந்தன. தண்ணி வேணுமாம். பொம்மையோட கால் காணுமாம். இந்தச் சட்டை குத்துதாம். குட்டி என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டாள். தாய் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பாதி புரியும். குட்டி கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் போய்விடும். அப்போதெல்லாம் தாய் குழாயைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைவாள். குழாய் தட்டப்படும் வரையிலான அந்தக் கொஞ்ச நேரத்தில் மகளின் உதடுகள் வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். கீழே இருந்து, "அவளுக்கு ரப்பர் பந்து வேணுமாம்!" என்று செய்தி வரும்போது, பந்து கிடைக்காத ஆத்திரம் தீர்ந்து, குட்டி தூங்கியே போயிருப்பாள். அவள் பந்தைத் தேடியெடுத்துத் தூங்குகிறவளின் பக்கத்தில் வைப்பாள்.

ஒரு நாள், தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போனவள், தையல்காரர் வீட்டில் ஏதோ சாவு என்று கடை பூட்டியிருந்ததால், மூட்டையோடு பாதி நேரத்திலேயே திரும்பினாள். அவள் வெளியே போகும்போதெல்லாம் குட்டியைக் கம்பவுண்டரம்மா பார்த்துக்கொள்வது வழக்கம். தெரு முனை திரும்பியதும் தூரத்தில் தன் கட்டடத்தின் வாசற்படி தெரிந்தது. குட்டி நடுப்படியில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கம்பவுண்டரம்மா, டீச்சர், ஸ்பேனரும் கையுமாக மெக்கானிக், ஏன், அவள் கணவரும்கூட. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. யாரும் டப்பாவின் பக்கம் திரும்பவில்லை, யாரும் அடுப்படிக்கு ஓடவில்லை. எல்லோரும் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் நாலு எட்டு வைத்தாள். மூடிக் கிடந்த பால் கடையைத் தாண்டியதும், குட்டியின் உதடு அசைந்துகொண்டே இருக்க, அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் டப்பாவை நோக்கித் திரும்பின. அடுத்த கணம் பேயறைந்தது போல எல்லோரும் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் அவள் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

கம்பவுண்டரம்மாதான் சொன்னாள். "பேச ஆரம்பிச்சதுல இருந்தேதான்டி. நீ கடைக்குப் போயிட்டா பிள்ளைக்குச் சத்தம் அது வாயிலயே வந்துடும். மொதத் தடவ நானே பயந்துட்டேன். என்னடா இது, பிள்ள வாய்க்குள்ளேர்ந்து சத்தம் வருதேன்னு."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும்" என்றாள் டீச்சர். "வீட்ட விட்டுக் கெளம்பிடுவே."

"நான் ஏன் கெளம்பறேன்?"

"கெளம்புவே. பிள்ளைக்கு நல்லதுன்னா நீ சட்டையக் கழட்டி ஆணில மாட்டற மாதிரி உன்னையே கழட்டி மாட்டிட்டுப் போயிடுவே. உன்னத் தெரியாதா எங்களுக்கு?"

காஜாக்காரி கணவரைப் பார்த்தாள். அவர் தன் புருவத்து மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு வலிக்குமேன்னுதான்…" என்று இழுத்தார்.

"வலிக்கிறது என் வேலைங்க. கொண்டாந்து குடுக்கறதுதான் உங்க வேல. அதுல எது பெருசு எது சின்னதுன்னு நீங்க எப்படிப் பொறுக்கி எடுக்கலாம்?" என்றாள். குரல் உயரவில்லை. அதனாலேயே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "என்னதான் பேசுவா? எனக்கு வந்ததெல்லாம் தண்ணி வேணும், பசிக்குது, ஜட்டி ஈரம். அவ்ளோதானா என் பொண்ணு?"

"நெறையப் பேசுவா தங்கச்சி" என்றார் மெக்கானிக். "ஒரே கதைதான். அப்புறம் பாடுவா." சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாட்டா?"

"சுதியெல்லாம் கெடையாது. ஆனா விடாமப் பாடுவா."

"பாடிக் காட்டுங்கண்ணே."

அவர் முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காயில் எரிந்த மோட்டார் ஓடுகிற குரலில், பூனைக்குட்டி தொப்பி போட்டுக்கொண்டதைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடினார். குட்டி இட்டுக்கட்டிய பாட்டு அது. அவர் பாதி வரியில் தடுமாற, டீச்சர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருமில்லாத மேல்மாடியில், டீச்சரின் குளியலறையில், கணீர் கணீர் என்று கேட்டிருக்க வேண்டும். காஜாக்காரி கடைசிவரை கேட்டாள். "நல்ல பாட்டு" என்றாள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையை அவள் தையல் கடையில் போய்ச் செய்தாள். கணவர் கோபித்துக்கொண்டார். "வீட்லயே செய்ற வேலைய எதுக்கு அங்க போய்ச் செய்யணும்?" "அவ பேசட்டும்" என்றாள். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில், தெரு முனைவரை கூட்டிப் போய் டீச்சரிடம் கையை மாற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள். அவர்கள் நடந்து நடந்து சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஓர் இடம் வந்ததும் டீச்சர் சட்டென்று குனிந்து குட்டியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அந்த இடம் ஒரு செருப்புக் கடை வாசல். அதற்குப் பிறகு எவ்வளவோ நாள் காஜாக்காரி அந்தச் செருப்புக் கடையைக் கடந்து போயிருக்கிறாள். ஒரு தடவைகூட அதற்குள் பார்த்ததில்லை.

குட்டியின் பேச்சால் கட்டடம் நிறைந்தது. வாய் ஓயாத பிள்ளை என்று பெயர் வாங்கினாள். தாய் வேலை முடிந்து வந்து பால் கடையைத் தாண்டுகிற நொடியில் பேச்சு அவள் வாயிலிருந்து விழுந்து எங்கேயாவது ஒரு வீட்டுக்குள் போய்விடும். முக்கியமான கதையின் நடுவே, பாட்டின் நடுவே, சண்டையின் நடுவே. ஒரு சாயங்காலம் அவள் படியேறி வந்தபோது குட்டி நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். காஜாக்காரி அந்த உதடுகளை நன்றாகவே படித்துவிட்டாள். இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள, கம்பவுண்டரம்மா வரும்வரை காத்திருந்தாள். வந்தவள் வாசலில் நின்று சேதியை முழுங்கப் பார்த்தாள். "அக்கா, பொறுக்கி எடுக்காதீங்க" என்றாள் இவள். கம்பவுண்டரம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "'இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா என்னம்மா'ங்கறா."

மறுநாளிலிருந்து அவள் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கடை மூடிய பின் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பஸ்கள் வரும், அவள் ஏற மாட்டாள். கண்டக்டர்கள் பழகிப்போய் விசில் அடிக்காமலே போனார்கள். வேலை செய்யாமல் இருக்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சமயத்தில் தன் பிள்ளை என்ன பேசிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பாள். அவள் யோசனையில் வந்த மகள் சில நேரம் மெக்கானிக்கின் குரலில் பேசினாள், சில நேரம் நாத்தனாரின் குரலில். வேறு குரல் எதுவும் அவளிடம் கைவசம் இல்லை. வீட்டில் குட்டி தூங்கிய பிறகு வருவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று அவள் எண்ணத் தொடங்கிய மாதங்கள் அவை. கட்டடத்தில் யாருக்கும் அதைத் தடுக்க வழி தெரியவில்லை. இதுவரை குழாயைத் தட்டி எவ்வளவோ சேதி சொன்னவர்கள், இதற்கு எப்படித் தட்டுவது என்று தெரியாமல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

குட்டிக்கு முன்பல் விழுந்திருந்த சமயம். ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் கம்பவுண்டரம்மாவிடம் கேட்டாள். "அம்மாக்கு லீவே கெடையாதா?" கம்பவுண்டரம்மாவுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. "கடை இன்னிக்குப் பூட்டிதான் கெடக்கு. அம்மா எங்கயோ சும்மா உக்காந்துட்டு வருவா."

"எதுக்கு?"

"நீ பேசணும்னுதான்."

"நான் பேசறது அவளுக்குப் பிடிக்கலயா?"

"அடிப் பாவி" என்றாள் கம்பவுண்டரம்மா. குட்டி விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் துழாவினாள். பிறகு உள்ளே போய்ச் செருப்பை எடுத்து, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி ஓடினாள். தாய் அப்போதுதான் முனையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் விரல்களைப் பிடித்தது. அவள் திரும்பிப் பார்த்துப் பதறினாள். "ஏய், போ வீட்டுக்கு. போய்ப் பேசிட்டு இரு. அம்மா வந்துடுவேன்." குட்டி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "சொன்னாக் கேளு. என்கூட வந்தா உனக்குச் சத்தம் வராது." குட்டி அதற்கும் தலையை ஆட்டினாள். உதடுகள் அசைய ஆரம்பித்தன, நிற்கவே இல்லை. பல் இல்லாத வாய் என்பதால் பாதிகூடப் படிக்க முடியவில்லை. தாய் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை, அல்லது அவ்வளவு பலமாக உருவவில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள்.

அடுத்த தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த, முன்பின் பார்த்திராத பெண் ஒருத்தி, மாடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, நில்லுங்க. உங்க பொண்ணா அது? இப்பத்தான் என் அலமாரிக்குள்ளேர்ந்து பேசிட்டு இருந்துச்சு. செருப்பு மாத்திப் போட்டுட்டாளாம்." காஜாக்காரி குனிந்து பார்த்தாள். மாறித்தான் இருந்தது. சரி செய்துவிட்டாள். அதற்கடுத்த தெருவில் சைக்கிள் கடைக்காரர் டயரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். "என் பம்புக்குள்ள ஒரு பிள்ள கத துவங்கி வச்சிருக்கு. ஒரு பூனைக்குட்டியாம், அதுக்குத் தொப்பி வேணுமாம். மீதி அடுத்த தெருவுல கேட்டுக்கோங்க, எனக்கு அதுவரைக்கும்தான் வந்துச்சு" என்றார். மீதி அடுத்த தெருவில் ஒரு வாட்ச்மேனிடம் இருந்தது. அவர் கதையை மறந்துவிட்டு, தொப்பி சிவப்பு என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

அதன் பிறகு ஊர் அதற்குப் பழகிவிட்டது. சாயங்காலமானால் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மகளின் குரல் எப்போதும் அவர்களுக்கு ஒரு தெரு முன்னால் போய், ஏதாவது வீட்டு ஜாடிக்குள்ளோ, கடைத் தராசின் தட்டிலோ ஒலித்துவிட்டு அடங்கும். அவர்கள் வந்து சேரும்போது யாராவது வாசலில் நின்று சேதியை ஒப்படைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அவசரக்காரர்கள் சுருக்கிச் சொன்னார்கள். வாயாடிகள் கொஞ்சம் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்கள். சிலர், பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றது போன்றவற்றைச் சொல்லத் தயங்கி நின்றார்கள். அவர்களிடமும் அவள், பொறுக்கி எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். குடிவந்த புதியவர்களுக்கு, தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நேரத்தையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவைத்தார்கள். மகளின் குரல் எப்படி இருக்கும் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவர்கள் கரகரப்பு என்றார்கள், பிறகு ஒரு வயதில் கரகரப்புப் போய்விட்டது என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.

குட்டி தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்ட ஒரு சாயங்காலம். இன்னும் சில நாளில் அவள் மேல்படிப்புக்கு வெளியூர் போக வேண்டும். அங்கே போய்விட்டால் நாள் முழுக்கப் பேச்சு அவள் வாயிலேயே இருக்கும். இரண்டு பேரும் தூரத்துத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தார்கள். முடி திருத்தும் கடைக்காரர் ஒரு கையில் கத்தியும் மறு கையில் சோப்பு நுரையுமாக வெளியே வந்து நின்றார். அவருக்குப் பின்னால், ஒரு கன்னம் மட்டும் மழித்த வாடிக்கையாளர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்குத்தான்" என்றார் கடைக்காரர். "கைய ரொம்ப இறுக்கிப் பிடிக்கறீங்களாம். வெரல் வலிக்குதாம். கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொல்லுது."

"வேற ஏதாவது சொன்னாளா?"

அவர் யோசித்தார். "விடச் சொல்லல. தளர்த்தத்தான் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு, மறு கன்னத்தை மழிக்க உள்ளே போனார். அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.